பதில் பக்கம் இல்லாத கைடு

இன்று காலை டெல்லியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. சணலை அவிழ்த்ததும் உன் வாசனை அடித்தது. ஆத்தூர் வெற்றிலையும் கிராம்பும். நீ பக்கத்து வீட்டை விட்டுக் கல்லறைக்குப் போய் நான்கு வருஷமாகிறது, வாசனை மட்டும் போகவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் பேரப்பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்குப் பொறுக்காது.

மூத்தவன் மகனுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்தவன் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாள். அதில்தான் இப்போது காப்பி குடிக்கிறேன். நம் ஜெயா வக்கீலாகிவிட்டாள். கறுப்புக் கோட்டு மாட்டி, ஜட்ஜ் முன்னால் நின்று, முதல் கேஸைப் பேசியும் முடித்துவிட்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துக் கோணல்தான். உன்னிடம் வந்து நானே படித்துக் காட்டுகிறேன்.

பார்சலில் வந்தது ஜெயா டெல்லிக்குக் கொண்டுபோன அந்தக் கைடுதான்.

ஜெயா பி.ஏ. முடித்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். டெல்லியில் அவள் தாய்மாமன் வீட்டில் தங்கிச் சட்டம் படிக்க வேண்டும், அதற்கு நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளைப் பெற்ற என் மகன், "ஒரே ஒரு தடவ எழுதட்டும். கிடைக்கலன்னா சாத்தான்குளத்து மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றான். பரீட்சைக்கு நாற்பது நாள்தான் இருந்தது.

பழைய புத்தகக் கடை அண்ணாச்சி மூன்று கைடுகளை எடுத்துப் போட்டார். ஜெயா ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, மூன்றையும் வாங்கலாம் என்றாள்.

"மூணு வள்ளத்துல கால வச்சு எந்தக் கரைக்குளா போவ?" என்றாய் நீ.

"ஆச்சி, இந்த அட்டையப் பாருங்க. பட்டணத்துல எல்லாரும் இதத்தான் வாங்குதாவ" என்றார் கடைக்காரர்.

"அட்டையவா வே பரீட்சையில கேக்கப்போறான்?"

உனக்கு உன் பேரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பி உடைத்த கை அல்லவா. பளபளவென்று இருக்கிற சிப்பியில் ஒன்றும் இருக்காது, பாசியும் புழுவும் பிடித்துக் கிடப்பதில்தான் முத்து என்பாய். புத்தகங்களைத் திறக்காமல் பக்கங்களின் ஓரத்தை மட்டும் பார்த்தாய். புதிதைத் தள்ளினாய். "தொட்ட கையே இல்ல." அடுத்தது, "முன்னால அழுக்கு, பின்னால வெள்ளை. பாவம், பாதியில ஓடிட்டான்." மூன்றாவதற்கு அட்டையே இல்லை, கடைசித் தாள் வரை அழுக்கு. "இவன்தான் கரை சேந்தவன். இதத் தாரும்."

வீட்டுக்கு வந்து பார்த்தால், கடைசியில் இருக்க வேண்டிய பதில் பக்கங்கள் பிளேடால் அறுக்கப்பட்டிருந்தன. மறுநாள் ஓடிப் போனோம். மற்ற இரண்டும் விற்றுப்போயிருந்தன. ஜெயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நீ வெற்றிலை ஒன்றை மென்று முடித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"பதில் இல்லாட்டி என்னளா? நாங்க ரெண்டு பேரு இருக்கோம்லா. கேள்வியத் தமிழ்ல சொல்லு. நீ சொல்லுத பதில நாங்க ஒத்துக்கிட்டா அது சரி. ஒத்துக்கலன்னா இன்னும் யோசி."

அப்படித்தான் நாற்பது சாயங்காலமும் போயிற்று. நீ ஒரு கட்சி, நான் ஒரு கட்சி, நடுவில் ஜெயா. அவள் நம் ஊருக்குத் தகுந்த மாதிரிக் கேள்வியை மாற்றிச் சொல்வாள். ஒரு நாள் கேட்டாள்: "தருவைகுளத்துப் படகெல்லாம் ஞாயித்துக்கிழமை கரையில நிக்கும். இந்தப் படகு கரையில நிக்கி. அப்போ இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா" என்றேன் நான். கைடை முன்னால் வைத்திருந்த ஆளும் பென்சிலால் அப்படித்தான் டிக் அடித்திருந்தானாம்.

"பலகை ஓட்டையானாலும் நிக்கும். ஓட்டுதவன் காய்ச்சல்ல கெடந்தாலும் நிக்கும்" என்றாய். ஜெயா "பெரியாச்சி!" என்று துள்ளி எழுந்து உன்னைக் கட்டிக்கொண்டாள். நீ சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைச் சொன்னாய். சிப்பி உடைக்கிற கொட்டகையில் உன் முன்னால் ஒரு காலிச் சிப்பி கிடந்ததும், முத்தை விழுங்கிவிட்டாய் என்று சாயங்காலம் வரை வெயிலில் உட்கார வைத்ததும். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

"முத்து எடுத்த சிப்பி காலியாத்தான் இருக்கும். காலியாக் கெடக்க சிப்பியில எல்லாம் முத்து இருந்துச்சாளா? இதக் கேக்க அன்னைக்கு ஒரு ஆள் இல்ல."

ஜெயா அதன்பிறகு அழவே இல்லை. இடம் கிடைத்த கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்னால் நீ போய்விட்டாய். கடிதத்தை உன் கல்லறைக்குக் கொண்டுபோய் நான்தான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

முதல் கேஸ் என்ன தெரியுமா? வீட்டு வேலை செய்கிற ஒரு பெண். பீரோச் சாவி இவளிடம் இருந்தது, நகையைக் காணோம், அப்போது இவள்தான் எடுத்தாள் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். "எழுந்து நின்றதும் பெரியாச்சியின் காலிச் சிப்பி ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் நான் பேசவில்லை, பெரியாச்சிதான் பேசினார்கள்" என்று பார்சலோடு வந்த கடிதத்தில் எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டாயா, வீட்டுக்குப் போய்விட்டாள்.

கைடில் அறுந்துபோன இடத்தில் ஜெயா தன் கையெழுத்தில் இருபது தாள் எழுதித் தைத்திருக்கிறாள். எல்லாக் கேள்விக்கும் பதில். நம் தெருவில் யாராவது பரீட்சை எழுதினால் கொடுக்கச் சொல்கிறாள். உன் அண்ணன் பேத்தி நாளைக்கு வருகிறாள், அவளும் சட்டம் படிக்கப் போகிறாளாம்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தையலைப் பிரித்து, அந்த இருபது தாளையும் எடுத்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். கைடு அவளுக்கு. பதில் வேண்டுமானால் சாயங்காலம் வந்து என்னோடு சண்டை போடட்டும். உன் கட்சியையும் நானே பேசுவேன்.

ஜெயாவுக்கும் இப்போதே கடிதம் எழுதிவிட்டேன். கறுப்புக் கோட்டோடு புதிதாய் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். வாய் திறந்து பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு காப்பி. ஒன்று எனக்கு, ஒன்று உன் படத்துக்குப் பக்கத்தில்.