என் பெயரில் வராத அட்மிஷன்

ஜூன் 4, புதன்

கோபத்தில் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளைச் சேர்த்துவிடும் லெக்சரருக்குத்தான் எங்கள் கல்லூரியில் வரும் கல்வியாண்டிலும் வேலை. ஷூ கம்பெனிக்குப் போகும் ரேவதியின் அம்மாவிடம், “எங்க வீட்லயும் நான்தான்க்கா மொதல்ல படிச்சேன்” என்று மன்றாடி, மகளைக் கல்லூரிக்கு அனுப்பச் சம்மதிக்க வைத்தது நான். இன்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய தாயையும் மகளையும் எங்கள் துறை லெக்சரர் செந்தில் சார் மடக்கி, ஆட்டோவில் அழைத்துப் போய் ரேவதியைத் தன் பெயரில் சேர்த்துவிட்டார்.

“இன்னா மேடம், வாய் இருந்தாத்தான் இங்க பொழைக்க முடியும்” என்று சிரித்தார். துறைத்தலைவரும் சிரித்தார். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில்கூடத் தேறாத ஆள் இந்தச் செந்தில் சார்!

சாயங்காலம் ரேவதி போன் செய்தாள். “நீங்கதானே மிஸ் கிளாஸ் எடுப்பீங்க? அதுக்குத்தான் சேர்ந்தேன்.”

எனக்கு வேலை இருக்குமா என்றே தெரியாமல், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாளை துறைத்தலைவர் அறையில் நான் கத்தப்போகிறேன்.