சாம்பல் என்று அழித்த மூன்று புள்ளிகள்

என் தங்க நைனாவுக்கு,

உன் காரியம் முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா உன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இங்கே நடந்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லவே கூசுகிறது.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். வேறு யார் கொடுப்பது? திருவொற்றியூர் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களைத் திருத்துகிற மகள் நான் இருக்கிறேனே. புது கேமராவைச் சோதித்துப் பார்க்க, போன பொங்கலுக்கு உன்னை எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கவைத்து எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? "இந்த மூஞ்சிய இன்னாத்துக்கு புடிச்சிகினு கீற, பொயுது போவலியா" என்று சிரித்தாய். அந்தப் படம்தான்.

அது ரா ஃபைல். கேமரா கண்டதை அப்படியே வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் திறந்து வெளிச்சத்தை ஏற்றினேன், கண்ணுக்குக் கீழே இருந்த இருட்டைக் கொஞ்சம் குறைத்தேன். அதற்கு மேல் உன்னைப் பார்க்க முடியவில்லை நைனா, அழுகை வந்துவிட்டது.

நம்ம ஊரில் எடுக்கிற படம் எதுவானாலும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழுந்திருக்கும். மணப்பெண்ணின் பட்டுப்புடவையில் உட்காரும், நெற்றியிலும் உட்காரும். எந்த வேலை வந்தாலும் நான் முதலில் அதைத்தான் துடைப்பேன். அதற்கென்றே சாஃப்ட்வேரில் ஒரு பார்வை உண்டு. அதைப் போட்டால் முகம் மறைந்து, கறுப்புத் திரையில் கோடுகளும் வெள்ளைப் புள்ளிகளும் மட்டும் நிற்கும். புள்ளியில் கிளிக் செய்தால் போய்விடும். உன் முகத்தைப் பார்க்காமலே வேலையை முடிக்க எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஒன்றுவிடாமல் அழித்தேன். பிரிவியூவைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் பிரேம் போடக் கொடுத்துவிட்டேன்.

காரியத்தன்று எல்லாரும் மெச்சினார்கள். "பத்து வயசு கொறஞ்சா மாரி கீறாரு மாமா" என்றாள் அத்தை மகள் செல்வி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு குறுகுகிறது.

கூட்டம் கலைந்ததும் அம்மா படத்துக்குக் கிட்டே போய், கண்ணாடி மேலே உன் இடது கன்னத்தைத் தடவினாள்.

"இங்க மூணு புள்ளி இருக்குமே, எங்கடி?"

"சாம்பல்மா. தொடச்சிட்டேன்."

"சாம்பலா? விம்கோ நகர் பட்டறையில வெல்டிங் பொறி தெறிச்ச தயும்புடி அது. பொண்ணு பாக்க வந்தப்போ நான் தலையே தூக்கல. ஓரக்கண்ணால பாத்தா அந்த மூணு புள்ளிதான் தெரிஞ்சிச்சி. பெத்த அப்பன் மூஞ்சில இன்னா கீதுன்னு தெரியாதா ஒனக்கு?"

தெரியவில்லை நைனா. நீ வேலை விட்டு வரும்போதெல்லாம் முகம் கரியாகத்தான் இருக்கும். அதில் கழுவினால் போவது எது, போகாதது எது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. முன்பின் தெரியாத மணப்பெண்ணுக்கு ஒரு மச்சம் இருந்தால், இருக்கட்டுமா எடுக்கட்டுமா என்று போன் போட்டுக் கேட்கிறவள் நான். உனக்காக அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, ஏன்? அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நல்லவேளை, ரா ஃபைலில் நாம் செய்கிற திருத்தம் எதுவும் அசலைத் தொடாது. திரும்பத் திறந்து ரீசெட் கொடுத்தேன். எல்லாப் புள்ளியும் வந்து நின்றது. கன்னம், நெற்றி, மூக்கு, எங்கே பார்த்தாலும் புள்ளி. கன்னத்தில் மட்டுமே ஏழெட்டு. கேவலத்தைக் கேள், அதில் எது சாம்பல், எது நீ என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரல் வைத்தாள். "இது சாம்பலு, எடு. இத்தயும் எடு. இத்த உடு, இது அவரு." மூன்றோடு நிற்கவில்லை. தாடைக்கு அடியில் ஒரு கீறலைக் காட்டி, "இதுவும் அவருதான். சவரம் பண்ணிகினே சண்ட போட்டா கியிக்காம இன்னா பண்ணும்" என்று சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

புருவத்தோரம் ஒரு புள்ளி. அதை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். "இது தெரியலியேடி" என்றாள். அதை நான் தொடவில்லை. சாம்பலாகவே இருந்தாலும் உன்மேல் விழுந்ததுதானே, இருக்கட்டும்.

புதுப் படத்தை மாட்டியாயிற்று. இன்றைக்கு அம்மா எனக்குச் சோறு போட்டபோது, அவள் முகத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். வலது காதோரம் ஒரு தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்டால் சொல்லியிருப்பாய். நாளைக்கு அவளிடமே கேட்டுவிடுகிறேன் நைனா, அவள் இருக்கும்போதே. இது உன்மேல் சத்தியம்.

உன் முகம் தெரியாத மகள்,
கலா