காதில் தேனீ புகுந்த கரடி

நம் மகளின் அப்பாவுக்கு,

நீங்கள் மலையிறங்கி ஒடுகத்தூர் மண்டிக்குப் போய்ப் பத்து நாளாகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். என்னைப் பூட்டி வைத்திருக்கும் அறையின் சாவியைக் கேட்டால், உங்களைக் கேட்கச் சொல்கிறார் அத்தை.

“பைத்தியம்” என்று சன்னலில் கல்லெறிந்த பிள்ளைகளுக்கு, காதுக்குள் தேனீ புகுந்து தவித்த கரடியின் கதையைச் சொன்னேன். கல்லைப் போட்டுவிட்டுக் கேட்டார்கள்.

“கரடிக்கு வலிச்சிச்சா?” என்றாள் சின்னப்பெண் காந்தா.

“ரொம்ப. வைத்தியம் பாத்ததும் தேனீ போய்டுச்சி.”

“அப்புறம் இன்னாத்துக்கு உன்னப் பூட்டி வெச்சிருக்காங்க?”



இதுவரை என்னை அம்மா என்று சொல்லவே வெட்கப்பட்ட நம் மகள், அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து, “எங்கம்மாவுக்கு சரியாய்டுச்சி. எங்கப்பா வந்து தொறப்பாரு” என்றாள். இந்த இன்லண்ட் லெட்டரைக் கம்பி வழியாக நீட்டியதும் அவள்தான்.

அன்றிலிருந்து பஸ் வரும்போதெல்லாம், நீங்கள் இறங்குகிறீர்களா என்று பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி