நாலு நிறத்தில் நீங்கள் எழுதிய செய்தி

அண்ணாச்சி, இன்று காலை திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன்னைக் கடிக்கப்போன என் வாய் அப்படியே நின்றுவிட்டது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த வடக்கத்தித் தம்பியின் டி-ஷர்ட் முதுகில் உங்கள் கோடுகள். சிவப்பு, வெள்ளை, சாம்பல், நீலம். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ, டம்ளரோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாம் நீங்கள் இழுத்துவிட்ட வேலை. என் நிட்டிங் யூனிட்டில் டிசைன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆர்டரைத் தவிர மற்றதையெல்லாம் படிக்கிற ஆள் நீங்கள். ஒருநாள் சொன்னீர்கள்: "கேளும்வே. படம், பாட்டு, போட்டோ எதைன்னாலும் டிஎன்ஏவா மாத்திச் சேமிக்கானுவ. நாலே எழுத்து. ஒரு சொட்டுல ஒரு லைப்ரரி. குளுமையா வச்சா ஆயிரக்கணக்கான வருசம் கெடாது. ஹார்ட் டிஸ்க்குன்னா நமக்கு முன்னால செத்துருது."

"நமக்கெதுக்குங்க அண்ணாச்சி? போன வாரத்து பில்லே நம்மகிட்ட இல்லீங்க."

"நம்ம மெஷின்லயும் நாலு கலர் நூலுதான ஓடுது? லேபுக்குப் போறதுக்கு முன்னால துணியில ஒரு ஒத்திகை பாப்போம்."

உங்கள் மகளுக்கு ஒரு செய்தியைக் கோடுகளாகத் துணியில் ஓட்டினீர்கள். எந்த எழுத்துக்கு எந்தக் கோடுகள் என்கிற அட்டவணையை அவள் போனுக்கு மட்டும் அனுப்பினீர்கள். ஒரே நிறம் அடுத்தடுத்து வந்தால் கோடுகள் ஒட்டிப்போய் எண்ண முடியாது என்று அதையும் தவிர்த்தீர்கள். டிஎன்ஏ படிக்கிற லேபிலும் இதே தொல்லைதானாம். செய்தி என்னவென்று எனக்குச் சொல்லவில்லை. "உம்மகிட்டச் சொன்னா விடியிறதுக்குள்ள அவிநாசி தாண்டிரும்வே." துணி ஓடி முடிந்ததும் ஃபைலையும் அழித்தீர்கள். என்னை இவ்வளவு சரியாக என் மனைவிகூடப் புரிந்துகொண்டதில்லை.

அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். காரியத்துக்காக நாங்கள் திருநெல்வேலிப் பக்கம் உங்கள் ஊரில் இருந்தபோது, இங்கே செக்கிங் அக்கா அந்த ரோலை விரித்துப் பார்த்திருக்கிறார். கோடு போட்ட துணியென்றால் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரவேண்டும். உங்கள் செய்தியோ ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்க ஆளுயரத்துக்கு மேல் துணி கேட்கும். "ரிப்பீட்டே காணோமுங்க. மெஷின் கோளாறுன்னு செகண்ட்ஸ்ல போட்டுட்டனுங்க" என்றார். குறைத்துணியென்று மலிவாக வாங்கிய வியாபாரி டி-ஷர்ட்டாக வெட்டித் தைத்து, தெருவோரக் கடைகளில் விற்றும் தீர்த்திருந்தார்.

உங்கள் மகள் அசரவில்லை. "டிஎன்ஏவையும் துண்டு துண்டாத்தானுங்க மாமா வெச்சிருப்பாங்க. ஒரே சேதி ஏகப்பட்ட காப்பி இருக்கும். ஒரு துண்டோட வாலு இன்னொரு துண்டோட தலையில படியும், அத வெச்சுக் கோத்துரலாம்னு அப்பா சொல்லுவாரு. ஆனா முழுசாக் கெடச்சாத்தான் படிப்பேன்."

அன்றோடு என் பெயர் கெட்டது. பஸ்ஸில், பந்தியில், கோயில் வரிசையில், கண்ட முதுகையெல்லாம் உற்றுப் பார்க்கிறவன் ஆனேன். பார்த்த சட்டையைக் கேட்டு வாங்காமல் விடவில்லை. ஒன்றில் கிழிந்த இடம் மற்றொன்றில் முழுசாக இருந்தது. வெளுத்த நீலமா, சாம்பலா என்று உங்கள் மகளோடு சண்டை வந்தால், அதே பகுதி உள்ள மூன்று சட்டைகளை அருகருகே வைத்துப் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டோம். கடைசியில் நடுவே ஒரு சாண் மட்டும் எந்தச் சட்டையிலும் இல்லை.

அந்தச் சாண்தான் இன்று பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

"பையா, ஏ ஷர்ட் முஜே சாஹியே. தோஸ்த் கா லெட்டர்" என்றேன். இந்தச் சட்டை எனக்கு வேண்டும், நண்பரின் கடிதம் என்று அர்த்தம்; என் இந்தி அவ்வளவுதான். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பதிலுக்கு என் சட்டையைக் கொடுத்துவிட்டு, வெறும் பனியனோடு உங்கள் வீடுவரை நடந்தேன். திருப்பூரில் பனியனுக்கு வெட்கப்பட்டால் எப்படி?

உங்கள் மகள் அட்டவணையை வைத்துக்கொண்டு கோடு கோடாகப் படித்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு எழுதியிருக்காரு?"

"நீங்க இன்னிக்குக் கொண்டுவந்தீங்கல்லங்க மாமா, அந்தச் சாண்ல, 'மாமாட்ட மட்டும் சொல்லிராத'ன்னு இருக்குதுங்க."

இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. நம்பமாட்டீர்கள், ஆனாலும் உண்மை. நாளை இந்த வரிசையை மறுபடி மெஷினில் ஏற்றப்போகிறேன், இந்த முறை ரோல் ரோலாக. ரிப்பீட் கேட்கக்கூடாது என்று செக்கிங் அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. டிஎன்ஏவாக மாற்ற லேபுக்கும் ஒருநாள் போவேன். எனக்கு ஃபைல் தேவையில்லை, அண்ணாச்சி. கோத்துக் கோத்து எல்லாம் மனப்பாடம். ஒரு நிறம் பிசகாமல் சொல்வேன்; ஒரு வார்த்தை தெரியாது.