தாண்டிப்போகும் பட்டன்

என் செல்லச் சண்டைக்காரத் தம்பி குமரனுக்கு,

நீ போன பிறகு நம் கணினி விளையாட்டு பாதியில் நிற்கிறதடா. கதை எனக்கு, அந்தக் கற்பனை உலகத்து இயந்திரங்கள் உனக்கு என்று பிரித்துக்கொண்டோமே. பிளாஸ்டிக்கே வராத உலகம் அது; டேப்பும் கிடையாது, சி.டி.யும் கிடையாது. அங்கே வீட்டு வீடியோவை எதில் பதிவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் புடவைக்குப் பார்டர் டிசைன் போட்டுவிட்டு வந்த நீ, "ஜரிகை மாதிரி மெல்லிசா எஃகுக் கம்பி இழுத்து அதுல பதிஞ்சிடலாம்க்கா" என்றாய்.

கம்பி தீர்ந்துபோனால்? தறியில் ஓடுகிற பழைய பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைப்பார்களே நம் தறிக்காரர்கள், அதையே வைத்தாய். வீட்டுக்கு ஒரே கம்பி. தீரத் தீர முனையில் புதியதைப் பிணைக்க வேண்டும். பழைய நாள் ஒன்றைப் பார்க்க, இடையில் உள்ள அத்தனை நாளையும் பின்னோக்கி ஓட்டித்தான் ஆகவேண்டும்.

"எவனுக்குடா அவ்ளோ பொறுமை இருக்குது?" என்று நீ படுத்திருந்த ஆஸ்பத்திரியிலேயே கத்தினேன். "பாக்கணும்னு இருக்கறவங்க பாப்பாங்கக்கா" என்று நீ சிரித்தாய்.

போன வாரம், விளையாட்டை வெளியிடும் சென்னைக் கம்பெனியில் பேசினார்கள். "நடுவுல இருக்கற நாளையெல்லாம் தாண்டிப் போறதுக்கு ஒரு பட்டன் வெச்சிடுங்க மேடம். இல்லன்னா யாரும் ஆட மாட்டாங்க." சரி என்று தலையாட்டிவிட்டேன். நீயும் இல்லாமல் யாரோடு சேர்ந்து மல்லுக்கட்டுவது?

நேற்று உன் மீனாவைப் பார்க்கப் போனேன். பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு நீ தாமல் ஏரிக்கரையில் நடக்கிற வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் ஏதோ விளம்பரம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"தொட்டா டக்குனு வந்துடறாரு அண்ணி. டக்குனு போயிடறாரு. அவுருகிட்ட போய்ச் சேர எனக்குக் கொஞ்சம் வழி வேணும்போல இருக்குது" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்று காலை, பட்டன் வைக்க மாட்டேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். அவர்கள் கைகழுவினாலும் கழுவுவார்கள். நம் விளையாட்டு வெளியே வராமலே போகலாம். உனக்கு அது சம்மதம்தானே?

ஒவ்வொரு நாள் விடியும்போதும் உன்னை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறேனடா. அதுதான் எனக்குப் பயம். ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன். நீ இல்லாத நாட்களில் ஒன்றைக்கூட வெட்டி எறிய மாட்டேன், அழுதே கழித்த நாளையும். உன்னிடம் திரும்பி வர எனக்கு இருக்கிற வழி அவைதான்.

உனக்கு முன்னால் பிறந்தும் உனக்குப் பின்னால் நிற்கிற உன் அக்கா,
தேவி