வேர்வைதான் என்று சொன்னேன்

மச்சான்,

இன்று காலை தண்ணீர் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும்போது ஒரு பம்ப் பாடியின் அடியில் குண்டூசி முனையளவு ஈரம். "வேர்வைதான் சார், விட்டுடலாமா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். பாஸ் குறி போட எடுத்த மஞ்சள் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருஷம் நீயும் நானும் ஒரே மேசை. இரும்பு வேர்த்தால் பூசித் தேற்றலாம், சொட்டினால் அடைக்கணும், பீச்சினால் குப்பை. கண்ணாலேயே வகை பிரிப்போம். அதில் நமக்கு என்ன திமிர்!

அப்புறம் உன் முகம் வெளுத்தது. கொரட்டூர் ஸ்டேஷன் படி ஏறவே மூச்சு வாங்கினாய். "வெளிக்கி கருப்பாப் போவுது மாமே" என்றபோது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் என்றேன். ஆஸ்பத்திரியில் மேலும் கீழும் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கேமரா வைத்த மாத்திரையை விழுங்கவைத்தார்கள். சிறுகுடலில் ரத்தம் தெரிந்தது, எங்கிருந்து ஊறுகிறது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா தாளில் படம் போட்டார். "சின்ன சிவப்புப் புள்ளியா இருந்து கசிஞ்சா, சுட்டு நிறுத்திடலாம். நாடி மாதிரி துடிச்சுப் பீச்சினா கிளிப் போடணும். பெரிய ரத்தக்குழாய் முடிச்சா இருந்தா ஆபரேஷன். நீளக் குழாய் விட்டுப் பார்த்தாத்தான் எந்த வகைன்னு சொல்ல முடியும். நாளைக்கே அட்மிட் ஆகுங்க."

வெளியே வந்து சிரித்தாய். "நம்ம லிஸ்டைத்தான் அந்தம்மா படிக்குது." டீக்கடையில் இரண்டு டீ சொன்னாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்: "நீ இன்னா சொல்றே?"

"வேர்வைதான் மச்சான். சும்மா பயந்துகினு. கம்பெனி ஆடிட் முடியட்டும், போய்க்கலாம்."

உள்ளே பார்க்காமலே பாஸ் போட்டேன், பாவி.

ஆடிட்டின் இரண்டாம் நாள் கம்பெனிக் கழிவறையில் ரத்தத்தில் கிடந்தாய். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்திருந்தாய், சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே பிடி விட்டுப்போனது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "பீச்சுற வகையா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இன்றைய பாடியைச் சுற்றி வட்டம் போட்டுத் தனியே வைத்துவிட்டேன். அறுத்துப் பார்க்கச் சொன்னேன். "ஒரு வேர்வைக்கா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும்.

உன் திவசத்துக்கு வருஷா வருஷம் கொரட்டூர் வருகிறேன். இலை போட்டுக்கொண்டே உன் சம்சாரம் சொல்லும்: "அவரு என்னிக்கு யார் பேச்சைக் கேட்டாரு, அண்ணா?" நானும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

கேட்டாய், மச்சான். என் பேச்சைக் கேட்டாய். அதை அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.