மக்டலீனுக்குப் பின்னிய தோல்காப்பு

சிவமயம்

பண்டத்தரிப்பு
தாது வருடம் ஆவணி 14

மலாயாவில், சிரம்பானில் இருக்கும் என் மகள் மகாதேவிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் பிள்ளையார் புண்ணியத்தில் எழும்பி நடமாடுகிறோம், நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைவு, ஆனால் தோட்டம் இறைக்க ஆள் பிடிப்பதும் பிடித்த ஆளோடு சண்டை போடுவதும் குறையவில்லை. மழை எட்டியும் பார்க்கவில்லை, கிணறு அடித்தட்டில் நிற்கிறது. சித்திரையில் நம் பசு சிவப்பி போட்ட நாம்பன் கன்று மட்டும் கொழுத்து, வீட்டு வளவெல்லாம் துள்ளித் திரிகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதில் அம்மாவுக்கு என்று நீ எழுதியிருப்பது ஏழு வரி, எண்ணிப் பார்த்தேன். அந்த ஏழில் ஒரு வரி, பிள்ளைப்பேற்றை இங்கேயே ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள அவர் முடிவு செய்துவிட்டார், நான் ஊருக்கு வரவில்லை என்பது. தலைச்சன் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாத பெண் நம்முடைய பகுதியில் யார் இருக்கிறாள், ஒருத்தியைச் சொல் பார்ப்போம். நான் என்ன செத்தா போய்விட்டேன். மீதி இரண்டு பக்கமும் உன் சிநேகிதி மக்டலீன். காப்பைக் கொடுத்தீர்களா, கையில் போட்டாளா, என்ன சொன்னாள், ஏன் பதில் இல்லை. மூன்று கடிதமாக இதே கேள்வி, நானும் இரண்டு தரம் மழுப்பிவிட்டேன். இனி மழுப்ப விருப்பமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உட்கார்ந்திருந்து வாசி.

வைகாசியில் கனகலிங்கத்தார் அங்கேயிருந்து லீவில் வந்தபோது நீ கொடுத்துவிட்ட பொட்டலத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார். அப்பாவுக்குக் குடை, எனக்கு ஒரு பிஸ்கட் டின், அடியில் காகிதத்தில் சுற்றி அவளுக்கு அந்தக் காப்பு. கூடவே ஒரு தாள். மருமகனுக்குக் கண்டவர்களோடு கடிதப் போக்குவரத்துப் பிடிக்காது என்றுதானே அவளுக்கு எழுதுவதை எல்லாம் எங்கள் கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிறாய், ஒட்டாத தாளை நான் வாசித்ததில் என்ன குற்றம். வாசித்தேன். சீனனின் சப்பாத்துக் கடையில் தோல்துண்டு வாங்கி மெல்லிய வாராக அரிந்தாயாம், இளகும்வரை தண்ணீரில் ஊறவிட்டாயாம், மூன்று வாரின் நுனியையும் சேர்த்து மேசைக்காலில் கட்டி இழுத்து இழுத்துப் பின்னினாயாம், ஒவ்வொரு விரற்கடைக்கும் சிவப்பு நூலும் பச்சை நூலும் மாறி மாறி இறுக்கிச் சுற்றி நுனியை உள்ளே செருகி ஒரு முடிச்சுப் போட்டாயாம். அந்த முடிச்சு உலகத்தில் உங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியுமாம், உடுவில் பள்ளிக்கூடப் போர்டிங்கில் இருக்கும்போது நீங்களாகக் கண்டுபிடித்ததாம். கொழுவுகிற இடத்துக்கு மருமகனின் பழைய சட்டையில் பிடுங்கின பொத்தான் தெறி. இரண்டு தரம் பிழைத்து, அவிழ்த்து, பதினொரு பின்னேரம் இருந்து முடித்தாயாம். பதினொரு பின்னேரம், பிள்ளை. எனக்கு வந்த பிஸ்கட் கடையில் வாங்கினது. எரிச்சலாக இருந்தது. பொறாமை என்பாய், சொல்லிக்கொள். பெற்று வளர்த்த எனக்கு நீ ஒரு கைக்குட்டையின் ஓரம்கூட ஒரு நாளும் தைத்துத் தந்ததில்லை.

அவளும் நீயும் ஆளுக்கொன்று போட்டிருந்த பழைய காப்பை நான் மறக்கவில்லை. அவள் தகப்பன் டானியல் புத்தகம் கட்டுகிற அச்சுக்கூடத்தில் மிஞ்சும் தோலில் அவள் முடிந்து தந்தது. உன் கலியாணத்தன்று விடிய உன்னுடையதை நான்தான் பாக்குவெட்டியால் வெட்டினேன். ஐயர் மஞ்சள் பூசிய நூலால் காப்புக் கட்டப்போகிற கையில் செத்த மாட்டின் தோல் கிடக்கலாமா. அந்த நேரத்திலும் நீ, கோயில் தவிலை இழுத்துக் கட்டியிருக்கிறதும் தோல் வார்தானே அம்மா, அதை மட்டும் சாமி பொறுக்குதோ என்று என்னை வாயடைக்கப் பார்த்தாய். பிறகு கப்பலுக்குப் புறப்படும்போது கதவுக்குப் பின்னால் நின்று அவளிடம், என்ரை கையாலை ஒண்டு முடிஞ்சு அனுப்புவன், அது வந்தால் நான் உன்னை மறக்கேல்லை எண்டு அறி, வராட்டி மறந்திட்டன் எண்டு நினை என்று கதைத்ததும் என் காதில் விழுந்தது. இரண்டு வருடமாக அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். என்னிடம் ஒரு நாளாவது அப்படி ஏதும் சொல்லிவிட்டுப் போனாயா.

கன்றின் கழுத்துக் கயிற்றில் மணி கட்ட உறுதியான வார் ஒன்று தேவைப்பட்டது. உன் காப்பு அளவாக இருந்தது. கட்டிவிட்டேன். நல்ல வேலைப்பாடு, அதை மறுக்கமாட்டேன், கன்று வேலியெல்லாம் உரசியும் ஒரு நூல் இளகவில்லை.

கனகலிங்கத்தார் வந்த கிழமையே மக்டலீன் வந்தாள். உனக்கொண்டும் வரேல்லைப் பிள்ளை என்றேன். ஆனியில் திரும்பவும் வந்து உனக்கு அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் தந்தாள், வாங்கி அடுப்பில் போட்டேன். ஆடி முடிவில் மூன்றாம் தரம் வந்தாள். இரங்கூனில் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த கிழமை பயணம், அதற்கு முதல் உன்னிடமிருந்து ஏதும் வந்ததா என்று கேட்கத்தான். வாசல் படலையடியில் நின்று கதைக்கும்போது கன்று ஓடிப்போய் அவள் சீலையை முகர்ந்தது. குனிந்து தடவினாள், தடவின கை மணி கட்டின வாரில் நின்றுவிட்டது. இது ஆர் முடிஞ்சதம்மா என்று கேட்டாள். தெருவில் கண்டெடுத்தது என்று சொல்லியிருக்கலாம். இது உனக்கு வந்தது, பிழை என்னுடையது என்றும் சொல்லியிருக்கலாம், அதுவும் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவள் நூலை நூலாகத் தொட்டுப் பார்த்த விதத்தைக் கண்டதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மகாதேவிதான், கன்றுக்கு மணி கட்ட எண்டு கனகலிங்கத்தாரிட்டைக் குடுத்து விட்டவள் என்றேன். கன்றுக்கோ என்றாள். ஓம், கன்றுக்குத்தான் என்றேன்.

தன் கையில் கிடந்த பழைய காப்பைக் கழற்றினாள். இறுகிப்போய்க் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் கழற்ற முடிந்தது. அப்ப இதையும் வைச்சிருங்கோ அம்மா, மணி அறுந்தால் உதவும் என்று என் கையில் தந்துவிட்டுப் போனாள். மணிக்கட்டில் வெயில் படாத தோல் வெள்ளையாய் ஒரு வளையம்போலத் தெரிந்தது. அழுதிருந்தால் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அழவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இதை வாசித்து நீ என்னைத் திட்டுவாய். திட்டு, ஆனால் நேரில் வந்து திட்டு. ஐப்பசியில் கனகலிங்கத்தாரின் பெண்சாதி பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறாவாம், அவவோடு கப்பல் ஏறினால் துணைக்குத் துணை. மருமகனுக்கு அப்பா தனியாக எழுதுவார். மருத்துவிச்சி சின்னாச்சியிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன், அறையும் வெள்ளையடித்தாகிவிட்டது. பப்பாசிப்பழம் வாயில் வைக்காதே, அன்னாசியும் வேண்டாம், பாரம் தூக்காதே, ஈரத்தலையோடு படுக்காதே. நம்முடைய பிள்ளையாருக்கு நூற்றெட்டு மோதகம் நேர்ந்திருக்கிறேன், நீயும் உன் பிள்ளையும் தீர்க்காயுசாய் நிறைந்த மங்கலத்தோடு இருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. பயணத்துக்கு முதல்நாள் டானியல் இங்கே வந்தான். அவனும் மகளோடு போய்விட்டான், இங்கே இனி அவர்களுக்கு ஒருவரும் இல்லை. பிள்ளை கோவத்திலை இருக்கிறாள் அம்மா, நான் வந்தது அவளுக்குத் தெரியாது, மகாதேவிப் பிள்ளை ஒரு வரி எழுதினால் அவள் ஆறிப்போவள் என்று சொல்லி இரங்கூன் விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தான். அப்பா அந்த நேரம் தோட்டத்தில், அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் கேட்டு எழுதாதே. நான் அதை ஆஸ்பத்திரியின் பெயர், தெரு, இலக்கம் எல்லாம் மூன்று நாள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு, துண்டை எரித்துவிட்டேன். கடிதத்தில் எழுதமாட்டேன். பிள்ளைப்பேற்றுக்கு வா, வந்து என் பக்கத்தில் இருந்து கேள், சொல்லுகிறேன். எனக்கும் வயது போகிறது, இப்போதே சில விஷயம் மறக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ந. சிவக்கொழுந்து